டிராயரில் தூங்கும் பழைய ரெட்மி போனில் லினக்ஸ் போடலாமா? தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்க வீட்டு மேஜை டிராயரைத் திறந்து பாருங்க. பழைய சார்ஜர், உடைஞ்ச இயர்போன், கூடவே ஒரு பழைய ஸ்மார்ட்போன் கண்டிப்பாகக் கிடக்கும். திரை நன்றாக இருக்கும், சார்ஜும் ஏறும். ஆனால் வாட்ஸ்அப் திறக்காது, பிரவுசர் திணறும், அப்டேட் வந்து பல வருஷம் ஆகியிருக்கும். அந்த போனில் ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு வேறொரு லினக்ஸ் இயங்குதளம் போடலாம் என்று நண்பர் யாராவது சொல்லியிருப்பார். உண்மையிலேயே முடியுமா? அதனால் என்ன லாபம், எதை இழப்போம்? சென்னைக்குப் பக்கத்திலேயே தயாரான ஒரு போனை உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

ஸ்ரீ சிட்டியில் பிறந்த போன்

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால், தடாவை அடுத்து வருவது ஸ்ரீ சிட்டி. சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்தத் தொழில் நகரம், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது.

ஷாவ்மி நிறுவனம் இந்தியாவில் தயாரித்த முதல் போன் வந்தது இங்கிருந்த பாக்ஸ்கான் ஆலையிலிருந்துதான். பெயர் ரெட்மி 2 பிரைம். 2015 ஆகஸ்ட் 10 அன்று விசாகப்பட்டினத்தில் அப்போதைய ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு முன்னிலையில் அறிமுகமானது. விலை 6,999 ரூபாய். 4.7 அங்குலத் திரை, ஸ்னாப்டிராகன் 410 சிப், 2 ஜிபி ராம், 16 ஜிபி சேமிப்பு, கழற்றி மாட்டக்கூடிய பேட்டரி. முதல் சம்பளத்தில் இதை வாங்கியவர்கள் உங்க ஆபீசிலேயே இருப்பாங்க.

இன்று இந்த போனை யாரும் அன்றாடம் பயன்படுத்துவதில்லை. ஆனால் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் இது இருக்கிறது. ரெட்மி 2 வகை போன்களுக்கு அங்கே உள்ள குறிப்பெயர் டபிள்யூடி88047.

நல்ல போன் ஏன் பயனில்லாமல் போகிறது?

பெரும்பாலான போன்கள் உடைந்து போவதில்லை, கைவிடப்படுகின்றன. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதே லினக்ஸ் கெர்னல்தான். வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும் மையப் பகுதி அது. சிக்கல் என்னவென்றால், சிப் நிறுவனமும் போன் நிறுவனமும் அந்தக் கெர்னலின் ஒரு பழைய பதிப்பை எடுத்து, தங்கள் டிரைவர்களை அதில் சேர்த்து, அத்தோடு நிறுத்திவிடுகின்றன. ரெட்மி 2 வரிசையில் இருந்தது 3.10 கெர்னல். அது வெளிவந்தது 2013-ல். உலகம் 6-வது தலைமுறைக் கெர்னலுக்குப் போன பிறகும் அந்த போன் அங்கேயே நின்றுவிட்டது. அதன் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க யாரும் இல்லை.

2017-ல் ஆலிவர் ஸ்மித் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் இதை மாற்றப் பார்க்கிறது. ஒரு போனுக்கு 10 ஆண்டு ஆயுள் கொடுப்பதுதான் அதன் இலக்கு. ஒவ்வொரு போனுக்கும் தனிக் கெர்னல் வைத்துக்கொள்ளாமல், போனுக்குத் தேவையான மாற்றங்களைப் பொதுவான லினக்ஸ் கெர்னலிலேயே சேர்க்க அதன் தன்னார்வலர்கள் முயல்கிறார்கள். மோட்டோ ஜி (2015), லெனோவோ ஏ6000, சாம்சங் கேலக்ஸி ஏ5 (2015) ஆகியவற்றிலும் இதே ஸ்னாப்டிராகன் 410 சிப்தான். ஒரு போனுக்காகச் செய்த வேலை மற்றவற்றுக்கும் உதவும். ரெட்மி 2-க்கு இன்னும் ஆதரவு கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த ஓஎஸ்? மூன்று வழிகள்

*லினியேஜ்ஓஎஸ்:* இதுவும் ஆண்ட்ராய்டுதான். கூகுள் செயலிகள் இல்லாமல் வரும், தேவையென்றால் தனியாகச் சேர்க்கலாம். ஆண்ட்ராய்டு செயலிகள் வழக்கம்போல ஓடும் என்பதால் புதியவர்களுக்கு எளிது. ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த நிறுவனம் 2023-ல் அறிமுகப்படுத்திய பார்ஓஎஸ்ஸும் ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தை அடிப்படையாகக் கொண்டதே. ஆனால் அது கடும் ரகசியம் தேவைப்படும் நிறுவனங்களை மனதில் வைத்து அறிவிக்கப்பட்டது.

*உபுண்டு டச்:* உபுண்டுவை உருவாக்கிய கனோனிக்கல் 2017-ல் இதைக் கைவிட்டது. யுபிபோர்ட்ஸ் என்ற குழு எடுத்து நடத்துகிறது. பட்டனை அழுத்தி நிறுவும் வசதியுள்ள கணினி மென்பொருளும் உண்டு.

*போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்:* ஆல்பைன் லினக்ஸ் மேல் கட்டப்பட்ட முழு லினக்ஸ். ஃபோஷ், பிளாஸ்மா மொபைல் என்று முகப்பைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு வேடிக்கை, ஆல்பைனில் மென்பொருள் நிறுவும் கருவிக்கும் 'ஏபிகே' என்றுதான் பெயர். ஆண்ட்ராய்டு ஏபிகே கோப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, குழம்பிக்கொள்ள வேண்டாம்.

தொடங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. *இது உங்க ஒரே போனா?* ஆம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்க. காரணம் கீழே வருகிறது.

2. *சரியான மாடல் எது?* ரெட்மி 2, ரெட்மி நோட் 2 இரண்டும் முற்றிலும் வேறு போன்கள். பெட்டியில் உள்ள பெயரை நம்பாமல், பேட்டரியைக் கழற்றி உள்ளே உள்ள மாடல் எண்ணைப் பார்த்து, திட்டத்தின் பட்டியலோடு ஒப்பிடுங்க.

3. *பூட்லோடர் பூட்டப்பட்டிருக்கிறதா?* போனை ஆன் செய்தவுடன் முதலில் விழிப்பது பூட்லோடர்தான். எந்த ஓஎஸ் ஏறலாம் என்று முடிவு செய்யும் வாட்ச்மேன் அது. ஷாவ்மி 2016 வாக்கில்தான் பூட்லோடரைப் பூட்டத் தொடங்கியது. ரெட்மி 2 அதற்கு முந்தையது. அதற்குப் பிந்தைய ஷாவ்மி போன்களில் நிறுவனத்தின் கணக்கு வழியாக அனுமதி வாங்கிக் காத்திருக்க வேண்டும். சில பிராண்டுகள் அனுமதியே தருவதில்லை. திறந்தால் போனில் உள்ள எல்லாமே அழியும், வாரண்டி இருந்தால் அதுவும் சிக்கலாகலாம்.

4. *பேட்டரி எப்படி இருக்கிறது?* பத்து வருஷம் டிராயரில் கிடந்த லித்தியம் பேட்டரி வீங்கியிருக்கலாம். பின்மூடி தூக்கிக்கொண்டிருந்தால் சார்ஜே போடாதீங்க. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வேறு பேட்டரி வாங்குங்க.

5. *உள்ளே என்ன இருக்கிறது?* பழைய புகைப்படம், தொடர்பு எண்கள், அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், எல்லாத்தையும் முதலில் கணினிக்கு மாற்றுங்க. அழிந்த பிறகு திரும்ப எடுப்பது நடக்காத காரியம்.

எப்படி நிறுவுவது? ரெட்மி 2 உதாரணம்

கட்டளைகள் போனுக்கு போன் மாறும். அவற்றை உங்க மாடலுக்கான திட்டத்தின் அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்க. யூடியூப் வீடியோவுக்குக் கீழே யாரோ போட்ட டிரைவ் இணைப்பிலிருந்து கோப்பு இறக்காதீங்க. இங்கே சொல்வது என்ன நடக்கிறது என்பது புரிவதற்காக.

*முதல் படி:* லினக்ஸ் உள்ள கணினி இருந்தால் வேலை சுலபம். அதில் பாஸ்ட்பூட் கருவியை நிறுவுங்க. தரவு கடத்தும் யுஎஸ்பி கேபிள் வேண்டும். 'போன் கனெக்ட் ஆகலை' என்று மணிக்கணக்கில் உட்கார்ந்தால், பாதி நேரம் குற்றவாளி சார்ஜுக்கு மட்டுமான கேபிள்தான்.

*இரண்டாம் படி:* போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் இமேஜ் கோப்பை இறக்குங்க. கூடவே தரும் சரிபார்ப்புக் குறியீட்டோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்க. ஷாவ்மியின் பழைய மூல மென்பொருளையும் இப்போதே இறக்கி வையுங்க. திரும்பிப் போக அதுதான் வழி.

*மூன்றாம் படி:* போனை அணைத்து, வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் பாஸ்ட்பூட் திரை வரும். ரோபோவை ரிப்பேர் செய்யும் முயல் படம் தெரிந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீங்க.

*நான்காம் படி:* எல்கே2என்டி என்ற சிறிய இரண்டாம் பூட்லோடரைப் போனின் 'பூட்' பகுதியில் எழுத வேண்டும். போனின் அசல் பூட்லோடரை நாம் தொடுவதே இல்லை. அதனால் நடுவில் ஏதாவது தவறினாலும் மறுபடி முயல் திரைக்கு வந்து முதலிலிருந்து தொடங்கலாம்.

*ஐந்தாம் படி:* எல்கே2என்டி வழியாகவே புதிய ஓஎஸ் இமேஜை 'யூசர்டேட்டா' பகுதியில் எழுதி, போனை மறுபடி ஆன் செய்யுங்க. முதல் தடவை கொஞ்சம் நேரமெடுக்கும், பதறி பேட்டரியைப் பிடுங்காதீங்க. ஆயத்த இமேஜின் கடவுச்சொல் 147147. இது எல்லோருக்கும் தெரிந்த எண் என்பதால் உள்ளே போனதும் முதல் வேலையாக மாற்றிவிடுங்க.

ஒரு பகுதியை மட்டும் தொடவே தொடாதீங்க

போனுக்குள் மோடம் தகவல்கள் இருக்கும் பகுதிகள் உண்டு. ஐஎம்இஐ எண் சம்பந்தப்பட்ட விவரங்கள் அங்கேதான். 'எல்லாத்தையும் அழிச்சிட்டு சுத்தமா போடலாம்' என்று அவற்றை அழித்தால் சிம்மை அந்த போன் கண்டுகொள்ளாது. அதைச் 'சரிசெய்கிறேன்' என்று ஐஎம்இஐ மாற்றும் மென்பொருளைத் தேடிப் போனால் விஷயம் சட்டத்துக்குப் போகும். தொலைத்தொடர்புச் சட்டம் 2023-ன்படி ஐஎம்இஐ போன்ற அடையாள எண்ணைத் திருத்துவது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

எது வேலை செய்யாது?

*யுபிஐ:* முழு லினக்ஸில் ஜிபே, போன்பே, வங்கிச் செயலிகள் நேரடியாக ஓடாது. வேய்டிராய்டு என்ற மென்பொருள் மூலம் ஆண்ட்ராய்டை உள்ளே ஓட்டலாம்தான். ஆனால் 2 ஜிபி ராமில் அது தள்ளாடும், வங்கிச் செயலிகள் பாதுகாப்புச் சோதனையில் மறுத்துவிடவும் வாய்ப்பு அதிகம். லினியேஜ்ஓஎஸ் போட்டாலும் இந்தச் சோதனை தொல்லை உண்டு. டீக்கடையில் க்யூஆர் கோடு முன்னால் நின்று திண்டாட வேண்டாம் என்றால், யுபிஐ வேறு போனில் இருக்கட்டும்.

*அழைப்புகள்:* நம்ம ஊர் வாசகர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது இது. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. அழைப்புகள் 4ஜி வழியாகவே, அதாவது வோல்டீ முறையில் போகின்றன. லினக்ஸ் போன்களில் வோல்டீ ஆதரவு இன்னும் முழுமையாக வரவில்லை. அதனால் ஜியோ சிம் போட்டால் டேட்டா வந்தும் கால் போகாமல் இருக்கலாம். ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் சிம்களில் 2ஜி இருப்பதால் அழைப்புக்கு ஓரளவு வழி உண்டு. அவசரத்துக்கு 112-ஐ அழைக்க இந்த போனை நம்பியிருக்கக் கூடாது. 'ஒரே போனா?' என்று முதலிலேயே கேட்டது இதனால்தான்.

*கேமரா:* திரை, வைஃபை போன்ற அடிப்படைகள் ஓடும் பல போன்களில்கூட கேமரா வேலை செய்யாது. உங்க மாடலுக்கு எது ஓடும், எது ஓடாது என்ற அட்டவணை திட்டத்தின் பக்கத்தில் இருக்கும். நிறுவும் முன்பே படித்துவிடுங்க.

அப்புறம் எதுக்குத்தான் இது?

கேள்வி நியாயம். முதன்மை போனாக இது பெரும்பாலானவர்களுக்கு உதவாது. ஆனால் அதை ஒரு சிறிய கணினியாக நினைத்துப் பாருங்க. திரை, வைஃபை, மின்சாரம் போனாலும் தாங்கும் பேட்டரி எல்லாமே ஏற்கெனவே அதில் இருக்கிறது. கிளவுட், டெவ்ஆப்ஸ் பக்கம் வேலை தேடுகிறவர்கள் எஸ்எஸ்எச் வழியாக அதனுள் நுழைந்து, லினக்ஸ் கட்டளைகளைப் பயமில்லாமல் பழகலாம். கெட்டுப்போனால் மறுபடி இமேஜை எழுதினால் போச்சு. வீட்டில் கோப்புகளைப் பகிரும் சர்வராக, விளம்பரங்களைத் தடுக்கும் கருவியாக, பைத்தான் நிரல் ஓடும் பலகையாக வைத்துக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை, பழைய பேட்டரியுடன் இரவும் பகலும் சார்ஜரில் செருகியே வைக்காதீங்க.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஸ்ரீ சிட்டி பாக்ஸ்கான் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 2017-ல் அங்கே இரண்டாவது ஆலையை அறிவித்தபோது, வேலை நேரத்தில் நொடிக்கு ஒரு போன் தயாரிக்கும் திறன் வந்துவிட்டதாக ஷாவ்மி சொன்னது. நொடிக்கு ஒன்று என்று உருவான போன்களில் பல, வன்பொருள் கெடாமலேயே குப்பைக்குப் போகின்றன. அதில் ஒன்றை இன்னும் சில வருஷம் வேலை வாங்க முடிந்தால் உங்களுக்கும் லாபம், குப்பையும் குறையும்.

எனவே, கைவசம் இரண்டாவது போன் இருக்கிறது, பட்டியலில் உங்க மாடல் இருக்கிறது, படங்களை எடுத்து வைத்தாச்சு, பேட்டரி வீங்கவில்லை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தாராளமாக முயற்சி செய்யலாம். இதில் ஒன்று இல்லையென்றாலும் அதைச் சரிசெய்யும் வரை போன் டிராயரிலேயே இருக்கட்டும்.