வாசித்த பிறகே தீர்ப்பு

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள். திருச்சபையின் முதல் மறைச்சாட்சியான புனித ஸ்தேவானின் திருநாள். அவர் பேசியதைக் கேட்கப் பொறுக்காதவர்கள் தங்கள் காதுகளைப் பொத்திக்கொண்டு அவர்மேல் பாய்ந்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். முதலில் காது அடைபட்டது. கல் பிறகுதான் பறந்தது.

2014ஆம் ஆண்டு அதே டிசம்பர் 26 அன்று, நமக்குப் பக்கத்துத் திருச்செங்கோட்டில் ஒரு புத்தகம் எரிக்கப்பட்டது. பெருமாள்முருகன் எழுதிய ‘மாதொருபாகன்’ என்ற நாவல் அது. எழுதியவர் எங்கோ தொலைவில் இருந்தவர் அல்லர். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். நாமக்கல் அரசு கல்லூரியில் நம் வட்டாரப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்.

அந்த நாவல் 2010இலேயே வெளிவந்துவிட்டது. நான்கு ஆண்டுகள் அதைப் பற்றி ஊரில் சலசலப்பு ஏதும் இல்லை. பிறகு அதிலிருந்து சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டுக் கை மாறின. கோவில் தேர்த்திருவிழாவையும் பிள்ளையில்லாப் பெண்களையும் பற்றிய அந்தப் பகுதிகள் தங்கள் ஊரையும் குலப் பெண்களையும் இழிவுபடுத்துவதாகப் பலர் கொதித்தார்கள். 2015 ஜனவரி 9 அன்று திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை. நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு ஆசிரியர் கையெழுத்திட்டார். அதையடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். தம் நூல்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெறுவதாகவும் சொன்னார்.

மனம் புண்பட்டவர்களை நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது. தன் ஊரையும் தாயையும் பற்றித் தவறாக எழுதியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் கேள்விப்படுவது வேறு, வாசிப்பது வேறு. முழுதும் வாசித்தவர்கள் அங்கே காளி, பொன்னா என்ற கணவன் மனைவியைக் கண்டிருப்பார்கள். ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருக்கும் அவர்கள், பிள்ளையில்லை என்பதற்காக உறவும் ஊரும் சொல்லும் சொல்லால் நாள்தோறும் குத்துப்படுகிறார்கள். நல்ல காரியத்தில் முன்னால் நிற்க முடியாமல் ஒதுங்கிப்போகும் பெண்கள் நம் பங்கில் இல்லையா?

திருவிவிலியத்தின் அன்னாவை நினைத்துப் பாருங்கள். பிள்ளையில்லாத அவர் சீலோவில் ஆண்டவர் முன்னிலையில் அழுது மன்றாடுகிறார். உதடுகள் அசைகின்றன, குரல் வெளியே வரவில்லை. குரு ஏலி அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார். கேட்கவில்லை, பார்த்தார், தீர்ப்பிட்டார். அன்னா தன் துயரத்தை எடுத்துச் சொன்ன பிறகு அதே ஏலி அவரை வாழ்த்தி அனுப்பினார். குருவாயிருந்தும் தவறினார், குருவாயிருந்ததால் திருத்திக்கொண்டார்.

இதைப் பிறருக்குச் சொல்லுமுன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். 1559இல் திருத்தந்தை நான்காம் பவுல் காலத்தில், கத்தோலிக்கர் வாசிக்கக் கூடாத நூல்களின் பட்டியலை உரோமை வெளியிட்டது. விசுவாசத்தைக் காக்கும் எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனாலும் கலிலேயோவின் நூல் அதில் சேர்ந்தது. அவரை நடத்திய முறையில் நேர்ந்த தவற்றைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். நானூறு ஆண்டுகள் இருந்த அந்தப் பட்டியல் 1966இல், திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில், சட்ட வலிமையை இழந்தது. கிரகாம் கிரீன் என்ற கத்தோலிக்க எழுத்தாளரின் நாவல் ஒன்றை 1950களில் உரோமை அலுவலகம் கண்டித்திருந்தது. பின்னாளில் அவர் ஆறாம் பவுலைச் சந்தித்தபோது, அந்த நாவலைத் தாம் வாசித்திருப்பதாகத் திருத்தந்தை சொன்னார். உங்கள் நூல்களில் சில பகுதிகள் சிலரைப் புண்படுத்தத்தான் செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினாராம். வாசித்தவரின் வார்த்தை அது.

2006இல் ‘டாவின்சி கோட்’ நாவலைத் தழுவிய திரைப்படம் வந்தபோது நாமும் தடை கேட்டோம். தமிழக அரசு தடுத்தது. உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. படம் வந்தது, போனது. திருச்சபை அப்படியேதான் நிற்கிறது. அன்று கோபப்பட்ட நம்மில் எத்தனை பேர் அந்த நாவலைத் திறந்து பார்த்தோம்?

நம் மண்ணுக்கே உரிய இன்னொரு வரலாறும் உண்டு. தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் காவி உடுத்தி, புலால் மறுத்து, தமிழிலும் வடமொழியிலும் மறையறிவித்தபோது, அவர் விசுவாசத்தையே கெடுக்கிறார் என்று சொந்தத் திருச்சபைக்குள்ளேயே குற்றச்சாட்டு எழுந்தது. 1619இல் கோவாவில் விசாரணை நடந்தது. அவர் ஓடி ஒளியவில்லை. தம் நிலையை விளக்கி எழுதினார். அந்த எழுத்தை யாரும் தீயில் போடவில்லை. அது உரோமைக்குப் போயிற்று, வாசிக்கப்பட்டது. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருடைய வழிமுறைக்கு இசைவு தந்தார். அந்த ஆண்டில்தான் அடிகளார் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் நடந்து வந்தார். நம் வட்டாரத்தில் நற்செய்தி வேர்பிடித்ததற்குப் பின்னால், ஒருவர் எழுதியதைப் பொறுமையாக வாசித்த சிலர் இருக்கிறார்கள்.

திருச்செங்கோட்டு வழக்கு என்ன ஆயிற்று? 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் தீர்ப்பளித்தார்கள். அமைதிப் பேச்சுவார்த்தையில் வாங்கிய கையெழுத்து எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். பிடிக்காத நூலை வாசிக்கும்படி எவரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றார்கள். முடிவில், எழுத்தாளர் உயிர்த்தெழட்டும், எழுதட்டும் என்று சொன்னார்கள். உயிர்ப்பு என்ற சொல்லை நீதிமன்றத்திலிருந்து கேட்டபோது நமக்கு உடல் சிலிர்த்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவருடைய புதிய நூல்கள் வெளிவந்தன.

இது முன்பே நடந்த கதைதான். எரேமியா நூலின் 36ஆம் அதிகாரத்தை இன்று இரவு வீட்டில் திறந்து பாருங்கள். குளிர்கால மாளிகையில் கணப்பின் முன் அமர்ந்திருக்கிறான் யோயாக்கிம் அரசன். இறைவாக்கினர் சொல்ல, பாரூக்கு எழுதிய சுருள் அவன் முன் வாசிக்கப்படுகிறது. மூன்று நான்கு பத்தி வாசிக்க வாசிக்க, அரசன் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். வேண்டாம் என்று மன்றாடியவர்கள் அரண்மனையிலேயே மூவர் இருந்தார்கள், அவன் செவிகொடுக்கவில்லை. ஆண்டவர் இன்னொரு சுருள் எடுக்கச் சொன்னார். எரிந்த சொற்கள் எல்லாம் மீண்டும் எழுதப்பட்டன, இன்னும் பல சொற்களும் சேர்ந்தன.

அன்பானவர்களே, பிள்ளைகளின் பள்ளிப் பாடநூலிலோ நூலகத்திலோ நம் மனத்தை உறுத்தும் பக்கம் வரலாம். அப்போது அந்த ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பாதிருப்போம். நூலை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்போம். பிறகு ஆசிரியரிடம் நேரில் பேசுவோம். மறுப்பிருந்தால் எழுதுவோம். பிறர் ஒரு நூலை எரிக்கக் கிளம்பும்போது, அந்த அரண்மனை மூவரைப் போல வேண்டாம் என்று சொல்லவும் துணிவோம்.

கேட்கும் செவியைத் தந்த ஆண்டவரே, எங்கள் காதுகளைப் பொத்தும் கைகளை நீரே விலக்கியருளும். ஆமென்.