பெயர் தெரியாத எரிந்த சில்லை அடையாளம் காணல்

மின்சுற்றுப் பலகையில் எரிந்து, மேலெழுத்து அழிந்துபோன சில்லு எது என்று கண்டறிந்து, அதற்குப் பொருத்தமான மாற்றைத் தேர்ந்தெடுப்பது மின்னணுப் பழுதுநீக்கத்தின் கடினமான பகுதிகளில் ஒன்று. பட்டறைப் பேச்சில் சில்லு ‘ஐ.சி.’ என்றும் பலகை ‘போர்டு’ என்றும் வழங்கும். முதுகில் உள்ள எழுத்துதான் ஐ.சி.யின் அடையாளம், அது கருகிவிட்டால் போர்டையே தூக்கிப்போட வேண்டியதுதான் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் எழுத்து நல்ல நிலையில் இருக்கும்போதுகூட அதை முழுதாக நம்ப முடியாது. ஐ.சி.யைச் சுற்றியுள்ள உறுப்புகளும் அதன் கால்கள் போய்ச் சேரும் இடங்களும் தரும் சான்று அதைவிட உறுதியானது.

தேவை

லண்டனில் ஒரு வீட்டில் சலவை இயந்திரத்தின் போர்டு எரிந்தால், சட்டம் ஓரளவே துணைக்கு வரும். 2021 ஜூலை 1 முதல் பிரிட்டனில் நடப்பில் உள்ள விதிகள், சலவை இயந்திரத்தின் உதிரிப்பாகங்களைக் குறைந்தது 10 ஆண்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் வழங்க வேண்டும் என்கின்றன. அந்தப் பட்டியலில் போர்டு உண்டு. ஆனால் அது முழு போர்டாக, தொழில்முறைப் பழுதுநீக்குநருக்கு மட்டுமே உரியது. ஒரே ஒரு ஐ.சி. போனதற்காக முழு போர்டையும் வாங்க விரும்பாதவர், அந்த ஐ.சி. எது என்பதைத் தாமே கண்டுபிடித்தாக வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பழைய உறுப்பைக் கடைக்காரர் முன் நீட்டி, இதுபோல ஒன்று வேண்டும் என்று கேட்கலாம். 1937இல் லண்டனில் ரேடியோஸ்பேர்ஸ் என்ற பெயரில் தொடங்கிய ஆர்.எஸ். போன்ற பெருவிற்பனையாளர்களிடம் வாங்கவோ சரியான எண் வேண்டும். ரீஸ்டார்ட் புராஜெக்ட் போன்ற தொண்டமைப்புகள் லண்டனில் நடத்தும் பழுதுநீக்க நிகழ்வுகளுக்கு வரும் பொருள்களிலும், போர்டு வரை போகும் பழுது கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்.

எழுத்தின் குறைகள்

எஸ்.ஓ.டி.-23 எனப்படும் மூன்றுகால் உறை ஏறத்தாழ 3 மி.மீ. நீளம்தான். அதில் முழு எண்ணை அச்சிட இடமில்லாததால் சுருக்கக் குறியே இருக்கும். ‘1ஏ.எம்.’ என்பது பெரும்பாலும் எம்.எம்.பி.டி.3904 டிரான்சிஸ்டரையும், ‘ஏ19டி’ என்பது ஏ.ஓ.3401 மாஸ்ஃபெட்டையும் குறிக்கும். இக்குறிகளை வழங்கப் பொதுவான அமைப்பு எதுவும் இல்லை. ஒரே குறியை இரண்டு நிறுவனங்கள் இரு வேறு உறுப்புகளுக்கு இடுவதுண்டு. பெரிய ஐ.சி.களில் வேறொரு குழப்பம்: ‘2134’ என்ற எண்ணை உறுப்பின் பெயரென்று தேடுபவர் பலர், அது 2021ஆம் ஆண்டின் 34ஆம் வாரத்தில் தயாரானது என்ற தேதிக்குறியாக இருக்கலாம். போட்டியாளர் நகலெடுக்காதபடி எழுத்தை வேண்டுமென்றே சுரண்டி எடுக்கும் தயாரிப்பாளர்களும், மலிவான ஐ.சி.மேல் விலை உயர்ந்ததன் பெயரை அச்சிடும் போலி வணிகர்களும் உண்டு. ஆகவே எழுத்து தருவது ஒரு ஊகத்தை மட்டுமே. அதைச் சோதித்துப் பார்க்கச் சுற்றைத்தான் நாட வேண்டும்.

சுற்று தரும் சான்று

முதல் சான்று மின்வழங்கல் கால்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து எந்தக் கால் தரையோடு சேர்கிறது, எது மின்வழங்கலோடு சேர்கிறது என்று பார்த்தாலே எட்டுக்கால் ஐ.சி.கள் பிரியத் தொடங்கும். எல்.எம்.358 பெருக்கியை ஒற்றை மின்வழங்கலில் இயக்கும்போது தரை 4, மின்வழங்கல் 8. 555 நேரக்கணிப்பானில் 1, 8. மேக்ஸ்485 தொடர்பு ஐ.சி.யில் 5, 8, டி.ஜே.ஏ.1050 கேன் தொடர்பு ஐ.சி.யில் 2, 3. இது மட்டும் போதாது. 24சி02 நினைவக ஐ.சி.க்கும் 4, 8தான். அடுத்த சான்று அங்கே உதவும். பெருக்கியில் 1ஆம் காலிலிருந்து 2ஆம் காலுக்கும் 7இலிருந்து 6க்கும் பின்னூட்டத் தடை ஓடுவது வழக்கம். நினைவகத்தில் 1, 2, 3 ஆகியவை பெரும்பாலும் தரையில் கட்டப்பட்டு, 5, 6 நேரே மைக்ரோகன்ட்ரோலருக்குப் போகும். வரிசையாக ரிலேக்கள் நிற்க, அருகில் கருகிய பதினாறுகால் ஐ.சி.யின் 8ஆம் கால் தரைக்கும் 9ஆம் கால் ரிலேக்களின் மின்வழங்கலுக்கும் போனால், அது யு.எல்.என்.2003 என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

இல்லாத கால்கூடச் சான்றாகும். வீட்டுச் சாதனங்களின் மின்வழங்கல் பகுதியில் அடிக்கடி வரும் எல்.என்.கே.304, டி.ஐ.பி. எனப்படும் எட்டுக்கால் உறையில் வந்தாலும், உயர் மின்னழுத்தக் காலுக்கு இடைவெளி தர 6ஆம் காலே இருக்காது. டைனிஸ்விட்ச்-3 வரிசையில் 3ஆம் கால் இருக்காது. வைப்பர்12ஏ-யில் எட்டும் உண்டு. மூன்றும் வெடித்துச் சிதறியிருந்தாலும் பலகையில் உள்ள துளைகளும் பட்டைகளும் அவற்றைப் பிரித்துக் காட்டும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஐ.சி.யில் கணக்கே வழிகாட்டும். பின்னூட்டத் தடைகள் 52.3 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என்றும், வெளியீட்டருகே 5 வோல்ட் என்றும் இருந்தால், இரு தடைகளின் கூட்டுத்தொகையை 10ஆல் வகுத்த 6.23ஆல் 5ஐ வகுக்க 0.8 வோல்ட் வரும். அது எம்.பி.1584 போன்றவற்றின் ஒப்பு மின்னழுத்தம். 1.23 வந்தால் எல்.எம்.2596 வகையையும் 0.925 வந்தால் எம்.பி.2307ஐயும் தேடலாம்.

மறுப்புகள்

எரிந்த ஐ.சி. உள்ளே ஷார்ட் ஆகியிருக்கும், அதனால் அளவீடு எல்லாம் பொய்யாகும் என்பது நியாயமான மறுப்பு. அதனால்தான் ஐ.சி.யை வெப்பக்காற்றால் கழற்றி, கரியைச் சுத்தம் செய்து, வெற்றுப் பட்டைகளில் அளக்க வேண்டும். அதே மாதிரிச் சாதனத்தின் நல்ல போர்டைப் படமெடுத்துப் பார்த்தால் போதாதா என்பது அடுத்த மறுப்பு. பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்; ஆனால் ஒரே மாதிரி எண்ணுக்குள் போர்டின் பதிப்பு மாறும்போது ஐ.சி.யும் மாறுவதுண்டு. படத்தில் கண்ட பெயர் தன் போர்டின் கால்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் நம்பக் கூடாது. கால்கள் ஒத்தாலும் ஐ.சி. ஒன்றாகிவிடாது என்பது இன்னும் வலுவான மறுப்பு. எல்.என்.கே.304க்கும் 306க்கும் கால் அமைப்பு ஒன்றே, தாங்கும் மின்னோட்டம் வேறு. இங்கும் பக்கத்து உறுப்புகள் உதவும்: டைனிஸ்விட்ச்-3இல் மின்னோட்ட எல்லையை நிர்ணயிப்பதே அருகிலுள்ள 0.1, 1 அல்லது 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கிதான். எந்தச் சான்றாலும் கடக்க முடியாத எல்லை ஒன்று உண்டு. எரிந்தது மைக்ரோகன்ட்ரோலர் என்றால் பெயரைக் கண்டுபிடித்தும் பயனில்லை, உள்ளிருந்த நிரல் அதோடு போய்விட்டது. அங்கே போர்டை மாற்றுவதே முறை.

காரணம்

சுற்றைப் படிப்பதால் பெயரைவிடப் பெரிய பயன் ஒன்று கிடைக்கிறது: ஐ.சி. ஏன் எரிந்தது என்பதும் அதே தேடலில் தெரியவரும். வீங்கிய மின்தேக்கி, ஷார்ட் ஆன டையோடு, ஈரம் பட்ட இணைப்பான் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருந்தால் புது ஐ.சி.யும் சில நொடிகளில் அதே வழியில் போகும். பிரிட்டன் பிளக்கிற்குள் உள்ள 13 ஆம்பியர் ஃபியூஸ் இதைத் தடுக்காது. அது காப்பது மின்கம்பியை மட்டுமே. போர்டிலுள்ள ஃபியூஸ் தடையை அளந்து, போயிருந்தால் அதே மதிப்பில் அதே வகையை மாற்றி, முதல் இயக்கத்தைத் தொடராக இணைத்த ஒரு பல்பு வழியாகச் செய்வது பாதுகாப்பு. 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்னோட்டமாக மாறியபின் பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் மின்னேற்றத்தை இறக்காமல் கை வைக்கக் கூடாது. எழுத்து எஞ்சியிருந்தால் அதுவும், கால் அமைப்பும், சுற்று மதிப்புகளும் ஒத்துப்போய், எரிந்த காரணமும் நீங்கிய பிறகே புதிய ஐ.சி.யைப் பொருத்த வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அடையாளம் காணல் முடிவடையவில்லை என்றே கொள்ள வேண்டும்.