குண்டுக் குழந்தைகள்: தப்பு யாருடையது?

இரண்டே வயதான ஒரு குழந்தை 29 கிலோ எடை இருந்தால் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "அம்மாக்காரி கண்டதையும் ஊட்டி வளர்த்திருக்கிறாள்" என்பார்கள். 1990களில் இங்கிலாந்தில் அப்படி ஒரு பையன் இருந்தான். அவனுக்கு நெருங்கிய உறவான ஒரு சிறுமிக்கு 8 வயது, எடை 86 கிலோ! இரண்டு பேரும் பிறந்தபோது சாதாரண எடைதான். சில மாதங்களிலேயே எடை ஏற ஆரம்பித்தது. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கவில்லை. அந்தச் சிறுமிக்குக் கால்களில் அறுவை சிகிச்சைகூட செய்ய வேண்டி வந்தது.

இந்தப் பசிக்கான விடை இங்கிலாந்தில் தொடங்கவில்லை. அதற்கு ஐம்பது வருடம் பின்னால், அமெரிக்காவில் ஒரு சுண்டெலிக் கூண்டுக்குப் போக வேண்டும்.

மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. 1949இல் அங்கே வளர்த்த சுண்டெலிகளில் சில மட்டும் பந்து போல ஊதின. காரணம் பரம்பரைக் குறை என்று தெரிந்தது. அந்த ஜீனுக்கு 'ஓபி' என்று பெயர் வைத்தார்கள். 1960களில் அதே ஆய்வகத்தில் இன்னொரு வகைக் குண்டு எலி கிடைத்தது. அதற்கு சர்க்கரை நோயும் இருந்தது. அந்த ஜீனின் பெயர் 'டிபி'.

அங்கே வேலை பார்த்த டக்ளஸ் கோல்மன் இந்த எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். கேட்கக் கொஞ்சம் கொடூரமாகத்தான் இருக்கும். இரண்டு எலிகளைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, ஒன்றின் ரத்தம் மற்றதன் உடலிலும் ஓடும்படி செய்தார். டிபி எலியோடு சாதாரண எலியைச் சேர்த்தபோது, சாதாரண எலி சாப்பிடுவதை நிறுத்திப் பட்டினியால் செத்தது! டிபி எலியோடு ஓபி எலியைச் சேர்த்தால் ஓபி எலிக்கும் அதே கதி. ஆனால் ஓபி எலியை சாதாரண எலியோடு சேர்த்தபோது அது அளவாகச் சாப்பிட ஆரம்பித்தது.

யோசித்துப் பாருங்கள். 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் ஓடுகிறது. ஓபி எலியால் அதைத் தயாரிக்க முடியவில்லை. டிபி எலி அதை ஏராளமாகத் தயாரிக்கிறது, ஆனால் அதன் மூளைக்கு அந்தச் செய்தி கேட்கவில்லை. கோல்மன் 1973இலேயே இதை எழுதிவிட்டார். பலர் நம்பவில்லை. குண்டாவது நாக்கைக் கட்டுப்படுத்தாததால் வருவது என்ற எண்ணம் விஞ்ஞானிகளிடமும் அவ்வளவு ஊறிப்போயிருந்தது.

அந்தப் பொருளைக் கண்டுபிடிக்க இன்னும் இருபது வருடம் ஆனது. நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் எட்டு வருடம் தேடி, 1994இல் ஓபி ஜீனைப் பிடித்தார். அது உருவாக்கும் ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயர். கிரேக்க மொழியில் 'லெப்டோஸ்' என்றால் ஒல்லி. வேடிக்கை என்னவென்றால், இதைச் சுரப்பதே உடம்பின் கொழுப்புதான்! கொழுப்பு கூடினால் லெப்டினும் கூடி, பசி குறைய வேண்டும்.

இப்போது அந்த இங்கிலாந்துக் குழந்தைகளிடம் வருவோம். கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓ'ராஹில்லி, சதாஃப் ஃபரூக்கி குழுவினர் அவர்களுடைய ரத்தத்தைச் சோதித்தார்கள். அத்தனை கொழுப்பு இருந்தும் லெப்டின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஜீனில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. 1997இல் இது வெளியானது. பாகிஸ்தானிலிருந்து வந்த குடும்பம், பெற்றோர் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் வரும். அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிவைக்கும் நம் ஊருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

பிறகு அந்தச் சிறுமிக்கு தினமும் லெப்டின் ஊசி போட்டார்கள். பசி குறைந்தது. ஒரே வருடத்தில் 16 கிலோவுக்கு மேல் இறங்கினாள்.

உடனே எல்லாக் குண்டர்களுக்கும் மருந்து கிடைத்துவிட்டது என்று உலகம் குதித்தது. 1999இல் சாதாரணமாகப் பருத்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பெரிய பலன் இல்லை. பெரும்பாலானவர்களிடம் லெப்டின் ஏற்கனவே நிறைய இருக்கிறது. இல்லாததைக் கொடுத்தால் பலிக்கும், இருப்பதையே மேலும் கொடுத்தால் எப்படிப் பலிக்கும்?

ஆனால் தேடல் நிற்கவில்லை. லெப்டினின் செய்தி மூளைக்குள் போகும் பாதையில் இன்னொரு ஜீன், எம்.சி.4.ஆர், 1998இல் சிக்கியது. சிறு வயதிலேயே மிகவும் பருத்த 500 பேரைச் சோதித்த கேம்பிரிட்ஜ் குழு, 29 பேரிடம் இந்த ஜீனில் பழுது இருப்பதாக 2003இல் எழுதியது. இந்தப் பாதையில் வேறு சில ஜீன்கள் பழுதானவர்களுக்கு செட்மெலனோடைட் என்ற ஊசி மருந்தை 2020இல் அமெரிக்கா அனுமதித்தது.

இவற்றுக்கு நடுவே நடந்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அதே கேம்பிரிட்ஜ் குழு சுமார் 300 குழந்தைகளை ஆராய்ந்து, சிலருக்கு 16ஆம் குரோமோசோமில் ஒரு துண்டே காணாமல் போயிருந்ததை 2009 டிசம்பரில் வெளியிட்டது. அந்த ஆய்வில் இருந்த சில குழந்தைகளின் பெயர்கள் அதற்கு முன்பே அரசின் சமூகநலத் துறைப் பதிவேட்டில் ஏறியிருந்தன. பெற்றோரே வேண்டுமென்று அதிகமாக ஊட்டிக் குழந்தையைக் கெடுக்கிறார்கள் என்பது சந்தேகம். முடிவு வந்த பிறகு அந்தப் பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன.