ஆறு பெட்டி ஜாவா

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. "வங்கியில் வருடாந்திரக் கணக்கு முடிப்பு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மைக் காரணம் எங்கள் பால்கனியில் இருந்த ஆறு பெட்டிகள். ஆறிலும் இரும்பு, அலுமினியம், துரு, கிரீஸ். தங்கமணி முதல் நாளே கேட்டுவிட்டார்: "இது என்ன வண்டியா, காயலான் கடையா?"

வண்டிதான். 1968-ல் மைசூரில் செய்த ஜாவா 250. என்ன, ஒரே வண்டியாக இல்லை. அவ்வளவுதான்!

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கொள்கிறேன். எங்கள் கிளைக்கு உயிர்ச்சான்று கொடுக்க ஒரு பெரியவர் வருவார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கோலார் தங்க வயலில் ஒர்க்‌ஷாப் ஃபிட்டராக இருந்தவர். நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டுவிட்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். "அம்பாசமுத்திரம் பக்கம் ஐயா" என்றேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பெங்களூரில் இருந்தாலும் இந்தக் கேள்வி ஒன்று போதும், ஒரு மணி நேரம் ஓடிவிடும். அன்றைக்கு வாசலில் யாரோ புது ஜாவா ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். பெரியவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா புகையே வரலையே தம்பி, இது எப்படி ஜாவா?"

அப்படித்தான் ஆறு பெட்டிகளைப் பற்றித் தெரிந்தது. பேரன் வீடு மாறுகிறான், புது வீட்டில் இடம் இல்லை, எடைக்குப் போடப் போகிறார்கள். "நீங்க எடுத்துக்கோங்க" என்றார். வாடிக்கையாளரிடமிருந்து ஒரு கடலைமிட்டாய் வாங்கவும் எங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே ஒரு ஒப்பந்தம். வண்டி அவருடையது, ஆர்.சி. அவர் பெயரில், பாகங்களுக்கான பில் அவர் மகன் கணக்கில். நான் வெறும் கூலியில்லா மெக்கானிக். அம்பை ரோட்டில் மாமாவின் ஜாவாவில் டேங்க் மேல் உட்கார்ந்து போன பையனுக்கு இதைவிடப் பெரிய கூலி என்ன வேண்டும்?

சரி, இப்போது சரித்திரம். ஜாவா என்பது இந்தோனேசியத் தீவின் பெயர் என்றுதான் நானும் பல காலம் நினைத்திருந்தேன். செக்கோஸ்லோவாகியாவில் ஃப்ரான்டிஷெக் யானெச்செக் என்பவர் 1929-ல் ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடமிருந்து மோட்டார்சைக்கிள் பிரிவை வாங்கினார். அவர் பெயரில் முதல் இரண்டு எழுத்து, வாண்டரரில் முதல் இரண்டு எழுத்து. சேர்த்தால் ஜாவா (செக் மொழியில் 'யாவா' என்பார்கள்). இரண்டாம் உலகப் போரில் நாடு ஜெர்மானியர் வசம் இருந்தபோதே பொறியாளர்கள் ரகசியமாக ஒரு 250 சி.சி. வண்டியை உருவாக்கி வைத்து, போர் முடிந்ததும் 1946-ல் பாரிஸ் கண்காட்சியில் காட்டினார்கள். அந்த வம்சத்தில் ஐம்பதுகளில் வந்த டைப் 353-தான் நம் ஊருக்கு வந்தது.

ஐம்பதுகளில் நம் அரசு வாகன இறக்குமதிக்குக் கடிவாளம் போட்டது. வெளிநாட்டு வண்டி விற்க வேண்டுமா? லைசென்ஸ் வாங்கி இங்கேயே செய், படிப்படியாக எல்லாப் பாகத்தையும் உள்நாட்டில் செய். அப்படி வந்தவை மூன்று. மெட்ராஸ் திருவொற்றியூரில் என்ஃபீல்டு (1955-ல் கூட்டு ஏற்பட்டது). மைசூரில் ஐடியல் ஜாவா. வடக்கே போலந்து தொழில்நுட்பத்தில் எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத். மூன்றில் இரண்டு கிழக்கு ஐரோப்பியக் கூட்டு என்பது தற்செயல் இல்லை என்பது என் எண்ணம். அந்த நாடுகளோடு நமக்கு ரூபாயிலேயே வணிகம் செய்யும் ஒப்பந்தங்கள் இருந்தன. டாலரும் பவுண்டும் பஞ்சமாக இருந்த நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று ஒரு பி.காம். காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பம்பாயில் ஜாவா இறக்குமதி செய்து விற்ற இரானி குடும்பத்து ருஸ்தம், ஃபரோக் ஆகியோர் மைசூர் யாதவகிரியில் ஆலை தொடங்கினார்கள். 1961-ல் திறந்து வைத்தவர் மைசூர் மகாராஜாவாக இருந்து மாநில ஆளுநரான ஜெயசாமராஜ உடையார். செக் கூட்டு முடிந்தபின், எழுபதுகளின் தொடக்கத்தில் பெயர் 'யெஸ்டி' ஆனது. இரானிகளின் பூர்வீகமான ஈரானின் யஸ்த் நகரத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். வண்டி பெரும்பாலும் அதேதான். ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர், கிக்கருக்கும் கியருக்கும் ஒரே லீவர். காலால் லீவரை உள்ளே தள்ளி மேலே திருப்பினால் கிக்கர், உதைத்துவிட்டு இறக்கினால் கியர். முதல் முறை பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள்.

தங்க வயலுக்கு அந்த ஜாவா வந்தது செகண்ட் ஹேண்டாக, 1976-ல். ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. நம் பெரியவரின் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தோண்ட ஆரம்பித்ததிலிருந்து வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கத்து ஏழை ஜனம் ஆயிரக்கணக்கில் போயிருக்கிறது. 1902-ல் சிவசமுத்திரத்து மின்சாரம் போய்ச் சேர்ந்தது முதலில் தங்க வயலுக்குத்தான், பெங்களூருக்கு இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகும். அந்தச் சூட்டில் வேலை பார்த்தவர்களின் பேரன்தான் ராபர்ட்சன்பேட்டைத் தெருவில் ஜாவாவில் போனது. அந்த வண்டி அவருக்கு வெறும் வண்டி இல்லை என்பது எனக்குப் புரிய இரண்டு மூன்று சந்திப்புகள் ஆயின.

1995-ல் கிராங்கில் சத்தம் வந்து என்ஜினை இறக்கிப் பிரித்தார். பாகம் வரட்டும் என்று காத்திருந்தார். 1996-ல் மைசூர் ஆலையே மூடிவிட்டது.

ஏன் மூடியது? ஒரே காரணம் இல்லை. 1984-85-ல் நம் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, வடக்கிலிருந்து ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்.எக்ஸ். 100 என்று ஜப்பான் கூட்டு வண்டிகள் வந்தன. எடை குறைவு, பெட்ரோல் செலவு குறைவு. எண்ணெய் கலந்து எரிக்கும் பழைய 250 சி.சி. டூ-ஸ்ட்ரோக்கால் அதோடு போட்டி போட முடியவில்லை. 1996 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாடும் இறுகியது. பின்னால் கம்பெனி கலைப்பு அதிகாரி கைக்குப் போனது. கலைப்பு என்றால் என்ன என்று என் வேலையில் தினமும் பார்க்கிறேன். நிலத்துக்கு விலை உண்டு, எந்திரத்துக்கு விலை உண்டு. முப்பது வருடம் லேத்தில் நின்றவரின் கைப்பழக்கத்துக்கு அந்தப் பட்டியலில் வரிசையே கிடையாது.

பாகம் இனி வராது என்று தெரிந்ததும் பெரியவர் சேர்க்க ஆரம்பித்தார். யார் யெஸ்டியை உடைத்தாலும் போய் வாங்கி வருவார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமும் மூடப்பட்டது. அதன் பின் தங்க வயல் ஜனம் மாரிக்குப்பம் ரயிலில் தினமும் பெங்களூர் வேலைக்கு வந்து போவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பெரியவரின் மகனும் அப்படி வந்து போய், கடைசியில் இங்கேயே குடியேறினார். கூடவே ஆறு பெட்டிகளும்.

இப்போது பால்கனிக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கணக்குப் பிள்ளை வித்தை. நாலு டிரே வைத்தேன். ஒன்றில் நிச்சயமாக ஜாவா. ஒன்றில் யெஸ்டி. ஒன்றில் வேறு வண்டிகள். நாலாவதில் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்', அதாவது எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாதவை. மண்ணெண்ணெயில் கழுவக் கழுவ, சரித்திரம் அடுக்கடுக்காக வெளியே வந்தது. ஒரு மின்பாகத்தில் செக்கோஸ்லோவாகியாவின் 'பால்' முத்திரை. அடுத்ததில் மைசூர் முத்திரை. கைப்பிடி போல்ட்டுகளோ எதிலும் ஏற மாட்டேன் என்றன. த்ரெட் கேஜ் வைத்துப் பார்த்தால் புல்லட் போல்ட்டு! செக் வண்டிக்கு மெட்ரிக் மரை, கோணம் 60 டிகிரி. பழைய புல்லட்டுக்கு ஆங்கிலேய மரை. மெட்ராஸ் போல்ட்டு மைசூர் நட்டில் ஏறாது. காவிரிப் பிரச்சினை மாதிரி என்று தங்கமணியிடம் சொல்லி முறைப்பு வாங்கிக் கொண்டேன்.

ஒரு ராத்திரி அந்த 'பால்' முத்திரையையும் ஆர்.சி. புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முத்திரையில் இருக்கும் நாடு 1993-ல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆர்.சி.-யில் இருக்கும் மைசூர் மாநிலம் 1973-ல் கர்நாடகா ஆகிவிட்டது. செய்த ஆலை இல்லை. வண்டி ஓடிய சுரங்கமும் இல்லை. நாலு முகவரியும் போய்விட்டன. மிச்சம் இருப்பது இந்தப் பெட்டிகளும் பெரியவரும் மட்டும்.

சிக்கல் வந்தது என்ஜினில். கிராங்க்கேஸ் இரண்டு பாதியாக இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டிக் கடைந்திருப்பார்கள், ஆகையால் ஜோடி மாற்றக்கூடாது. டூ-ஸ்ட்ரோக்கில் இது இன்னும் முக்கியம். பெட்ரோல் கலவை சிலிண்டருக்குப் போகும் முன் இந்தக் கேஸுக்குள்தான் அழுத்தம் பெறுகிறது, சின்னக் கசிவு இருந்தாலும் வண்டி சரியாக ஓடாது. பெட்டிகளில் இரண்டு ஜோடி இருந்தது. ஆர்.சி.-யில் உள்ள எண் குத்திய ஜோடியில், செயின் ஸ்பிராக்கெட் பக்கம் விரிசல். எப்போதோ செயின் அறுந்து அடித்திருக்கிறது. மற்ற ஜோடி பளிங்கு மாதிரி இருந்தது. ஆனால் அது வேறொரு யெஸ்டியின் எண்.

ஜெ.சி. ரோடு பக்கம் விசாரித்தபோது ஒருவர் சர்வ சாதாரணமாகச் சொன்னார்: "நல்ல கேஸைப் போடுங்க சார். பழைய நம்பரைத் தேச்சுட்டு உங்க நம்பரைக் குத்தித் தர்றேன். யாருக்குத் தெரியும்?" எனக்குத் தெரியும். கையெழுத்து மாற்றிய காசோலையைக் கண்டுபிடிக்கத்தானே எனக்குச் சம்பளம்? மோட்டார் வாகனச் சட்டம் (1988) 52-வது பிரிவின்படி அனுமதி வாங்கி என்ஜினை மாற்ற நேர்வழி உண்டு. பெரியவரிடம் இரண்டையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வேற என்ஜின் போட்டா அது வேற ஆளோட வண்டி தம்பி. ஒட்ட முடியுமான்னு பாருங்க. முடியலைன்னா விட்டுடலாம்" என்றார்.

பீன்யாவில் ஒரு சின்னப் பட்டறையில் ஆர்கான் வெல்டிங். ஐம்பது வருட எண்ணெய் குடித்த அலுமினியம் லேசில் ஒட்டாது. சூடாக்கினால் துளைகளிலிருந்து எண்ணெய் கசியும், துடைத்துவிட்டு மறுபடி சூடாக்க வேண்டும். முதல் முறை ஒட்டியது பக்கத்திலேயே மறுபடி விரிந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. இரண்டாம் முறை, விரிசலின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டு, அது மேலும் ஓடாமல் தடுத்து ஒட்டினார்கள். நின்றது. முகப்பைக் கடைந்து சமன் செய்தபின் ஜோடி சேர்ந்தது. கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்துப் புது ராடும் பேரிங்கும் போட்டு, சிலிண்டருக்குப் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். ஆயில் சீல் எல்லாம் புதுசு. செக் நாட்டில் இன்றும் பழைய ஜாவாவுக்குப் புதுப் பாகம் செய்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவரை அழைத்து வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். ஒன்பதாவது உதையில் பிடித்தது. நீலப் புகை, அந்த 'டப்-டப்-டப்'. மாடியிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் அழுவார் என்று எதிர்பார்த்து மகன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "டைமிங் கொஞ்சம் முந்துது. அணைங்க தம்பி." பாயிண்ட் கேப் 0.4 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜைக்கூடத் தொடவில்லை. என் விசிட்டிங் கார்டை வாங்கி, மடித்து, இடையில் விட்டுப் பார்த்துத் திருகினார். மறுபடி ஸ்டார்ட் செய்தபோது சத்தம் வேறு மாதிரி இருந்தது. அந்தக் கலைப்புப் பட்டியலில் வரிசை இல்லாத விஷயம் எது என்று அப்போது என் கண்ணால் பார்த்தேன்.

வண்டி இப்போது அவர் மகன் வீட்டில். 2021 ஜூலையில் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டி, அசல் வடிவில் இருக்கும் வண்டியை 'வின்டேஜ்' என்று பதியலாம், 'வி.ஏ.' எழுத்தோடு எண் தருவார்கள், ஆனால் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. பெரியவர் வேண்டாம் என்றுவிட்டார். "காட்சிக்கு வைக்கவா இருபத்தஞ்சு வருஷம் மூட்டை தூக்கினேன்?" சாதாரண ஆர்.சி. புதுப்பிப்புக்குத்தான் விண்ணப்பம் போயிருக்கிறது.

என் பால்கனியில் ஒரே ஒரு டிரே பாக்கி, சஸ்பென்ஸ் அக்கவுண்ட். பதினேழு உருப்படி, எந்த வண்டியுடையது என்று பெரியவருக்கும் தெரியவில்லை. டேலி ஆகும்வரை எழுதித் தள்ளுவதாக இல்லை.

டிஸ்கி: ஊரில் உங்கள் அப்பாவோ மாமாவோ இப்படிப் பெட்டி கட்டி வைத்திருந்தால், அடுத்த லீவில் போகும்போது எடைக்குப் போடாதீர்கள். ஆர்.சி. புத்தகம் எங்கே என்று முதலில் கேளுங்கள். அப்புறம், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி உள்ளே போடுங்கள். பாகம் எங்கேயாவது கிடைத்துவிடும். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.