மாற்றுச் சிறுநீரகமும் மருந்தின் உத்தம அளவும்

பொருளாதார வகுப்புகளில் 'உத்தம அளவு' என்ற கருத்தைப் பல்லாண்டுகள் கற்பித்தவன் நான். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மருந்துகளைவிட அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை என்பேன்.

மாற்றுச் சிறுநீரகத்தை உடல் அந்நியமெனக் கருதித் தாக்காதிருக்க, நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் தொடர்ந்து தேவை. அவற்றுள் முதன்மையானது டாக்ரோலிமஸ். 1984-இல் ஜப்பானிய மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து கண்டறியப்பட்டது. ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கக்கூடும். மிகுந்தால், உடலில் உறங்கிக் கிடக்கும் வைரஸ்கள் விழித்தெழக்கூடும்.

அவற்றுள் சைட்டோமெகலோ வைரஸுக்கு வால்கான்சிக்ளோவிர் என்ற மருந்து உண்டு. 1971-இல் லண்டனில் இனங்காணப்பட்ட பி.கே. வைரஸுக்கோ, பலன் உறுதியான மருந்து இன்னும் இல்லை. அது ரத்தத்தில் பெருகினால், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் குறைப்பதே முதன்மைச் சிகிச்சை. அளவுக்கு மீறிக் குறைத்தாலோ, நிராகரிப்பு அச்சம் திரும்பும்.

மாத்திரை ஒன்றேயாயினும், ரத்தத்தில் சேரும் அளவு ஆளுக்கு ஆள் மாறும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அதைக் குறைக்கும். பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல் கூட்டும். பம்பளிமாஸ் பழமும் கூட்டக்கூடும். எனவேதான் காலை மாத்திரைக்கு முன்பு ரத்தம் எடுத்து அளவிடுகின்றனர். வைரஸையும் குறித்த இடைவெளிகளில் தேடுகின்றனர்.

இப்பரிசோதனைகளைத் தவிர்ப்பது சிக்கனமன்று. உறுப்பை இழந்தால் மீண்டும் டயாலிசிஸ்தான். மருத்துவரைக் கேளாமல் நோயாளி அளவை மாற்றலாகாது. அறுவை சிகிச்சைக்குச் செலவிடும் காப்பீடு, இப்பரிசோதனைகளையும் ஏற்க வேண்டும்.