ஒயினுக்குப் பேரு இருக்கு, கள்ளுக்கு?

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். போன வாரம் ஜெர்மனியில குப்பை கொட்டுற நண்பர் ஒருத்தர் படம் ஒண்ணு அனுப்பியிருந்தார். மலைச்சரிவு முழுக்க திராட்சைக்கொடி, அடிவாரத்துல பழைய மாளிகை ஒண்ணு. "மாப்ள, இந்த வீட்டுல ஒரே குடும்பம் 200 வருசத்துக்கு மேல ஒயின் பண்ணுது. நம்மூர்ல இப்படி இருக்கா?"ன்னு கேள்வி வேற. சிரிச்சுட்டு விட்டிருக்கலாம். ஆனா நான் மோகனூர்க்காரன். குடியைப் பத்திப் பேச எங்க பக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டுங்க.

முதல்ல அந்த வீட்டுக் கதை. பேரு ஷார்ட்ஸ்ஹோஃப். மோசல் ஆத்துல வந்து சேருற சார் ஆத்துப் பக்கம், வில்ட்டிங்கன்ங்கிற கிராமம். ஒரு காலத்துல ட்ரியர் நகரத்து மடம் ஒண்ணுக்குச் சொந்தமா இருந்த இடம். பிரெஞ்சுப் புரட்சிக்கு அப்புறம் அந்தப் படைகள் ரைன் நதி வரைக்கும் வந்து, மடங்களோட சொத்தைப் பறிச்சு வித்தாங்க. 1797ல ழான் ழாக் கோக் என்பவர் இதை வாங்கினார். அவரோட வாரிசுங்கதான் இன்னிக்கும் நடத்துறாங்க. தலைமுறைக்குத் தலைமுறை ஏகோன் முல்லர்னே பேரு. நாலாவது ஏகோன் 1991ல பொறுப்புக்கு வந்தார்.

திராட்சை ரீஸ்லிங் வகை. குளிர் தேசம், பலகைக்கல் பூமி, செங்குத்தான சரிவு. சில வருசம் ஒரு வகைப் பூஞ்சைக்காளான் பிடிச்சு பழம் கொடியிலேயே சுருங்கும். நாமன்னா தூக்கி வீசியிருப்போம். அவங்க அதை ஒவ்வொண்ணா பொறுக்கி எடுத்து, சொட்டுச் சொட்டா ஒரு இனிப்பு ஒயின் பண்றாங்க. 2003ம் வருசத்து பாட்டில் ஒண்ணு 2015ல ட்ரியர் ஏலத்துல 12,000 யூரோவுக்குப் போச்சு. ஒரே ஒரு பாட்டில் சாமி!

விலையை விட என்னை யோசிக்க வெச்சது வேற. அந்த ஒயின் அம்பது வருசம் தாண்டியும் கெடாது. தாத்தா போட்டு வெச்ச பாட்டிலைப் பேரன் திறக்கலாம். பாட்டில் மேல குடும்பப் பேரு, மலைப் பேரு, வருசம் எல்லாம் இருக்கும். கெடாத சரக்குக்குத்தான் பேரு நிக்கும்.

இப்ப நம்ம கள்ளுக்கு வாங்க. விடிகாலையில மரமேறி, பாளையைச் சீவி, கலயம் கட்டணும். கலயத்துல சுண்ணாம்பு தடவினா பதநீர். தடவாம விட்டா காத்துல இருக்கிற ஈஸ்ட் பட்டு, சில மணி நேரத்துலயே பொங்கிக் கள்ளாயிடும். மறுநாள் பார்த்தா புளிச்ச காடி. இந்த வேலைக்கு வேண்டிய கைப்பக்குவம் ஒண்ணும் அந்த ஜெர்மன்காரங்களோடதுக்குக் குறைஞ்சது இல்லை. அதுவும் அப்பன்கிட்ட இருந்து பிள்ளைக்கு வந்த வித்தைதான். ஆனா ஒரு நாள் ஆயுசு உள்ள சரக்குல யார் பேரை எழுத? வெள்ளைக்காரன் காலத்துல மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். ஏலம் எடுத்தவன் பேரு கணக்குல இருந்துச்சு. மரம் ஏறினவன் பேரு எங்கேயும் இல்லை.

அப்புறம் 1937. ஜூலையில ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். அக்டோபர் 1ம் தேதி மதுவிலக்கு வந்துச்சு, அதுவும் முதன்முதலா சேலம் மாவட்டத்துல. அப்ப மோகனூரும் நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தான். அவருக்கு இது திடீர் யோசனை இல்லை. 1925லயே திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் தொடங்கி, அங்கிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்'னு ஒரு பத்திரிகையும் நடத்தினவர். கல்கி அதுல வேலை பார்த்தார். கள்ளுக்கடை வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939ல விற்பனை வரி கொண்டு வந்தார். இன்னிக்கு நாம கட்டுற வரிக்கெல்லாம் அது ஒரு மூதாதை!

எங்க அம்மாயிக்கு அப்ப ஒம்போது வயசு. அவங்கப்பா கூலிக்காசை நேரா கடையில குடுத்துட்டு வெறுங்கையோட வர்ற ஆளு. "அந்த வருசம் தீவாளிக்குத்தான் கண்ணு எனக்குப் புதுப் பாவாடை கிடைச்சுது"ன்னு சாகுற வரைக்கும் சொல்லும். ராஜாஜி படத்தைப் பேப்பர்ல பார்த்தா கன்னத்துல போட்டுக்கும். ஆனா அதே அம்மாயிதான் இன்னொண்ணும் சொல்லுச்சு. பக்கத்துக் காட்டுல மரம் ஏறின குடும்பம் அடுத்த கோடைக்குள்ள சட்டி பானையைத் தூக்கிட்டுப் போயிருச்சாம். "எங்க போனாங்கன்னு யாருமே கேக்கல கண்ணு."

ரெண்டும் ஒரே சட்டம்தான். எது சரின்னு ஒத்தை வரியில தீர்ப்பு சொல்ல எனக்குத் தெரியலைங்க. அம்மாயியோட பாவாடையை எதிர்த்து என்னால பேச முடியாது. அந்தக் குடும்பத்தை மறக்கவும் முடியல.

மிச்சக் கதை உங்களுக்கே தெரியும். 1948ல மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971ல தளர்த்தி, 1974ல திரும்ப மூடி, 1981ல மறுபடி கள்ளு சாராயக் கடை. 1983ல டாஸ்மாக் நிறுவனம். 1987 ஜனவரி 1ல கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003ல சில்லறைக் கடையையே அரசாங்கம் கையில எடுத்துச்சு. கேரளாவுல கள்ளுக்கடை சட்டப்படி நடக்குது. இங்க கள் இறக்கினா கேஸு.

இதுல ஊர்க்கூத்து ஒண்ணு. எங்க மோகனூர்லதான் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை. அதோட ஒரு டிஸ்டிலரியும் வந்துச்சு. சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுற கழிவுப்பாகுல இருந்து ஆல்கஹால் எடுக்கிற இடம். டாஸ்மாக்ல விக்கிற 'அயல்நாட்டு' பிராந்திக்கும் மூலப்பொருள் பெரும்பாலும் இந்த மாதிரிக் கழிவுப்பாகு ஆல்கஹால்தான். நாட்டு மரத்துல இறங்கினா குற்றம், அயல்நாடுன்னு லேபிள் ஒட்டினா வருமானம் :-)

நண்பருக்குப் பதில் அனுப்பிட்டேன்: "இருந்தாங்க மாப்ள. பேரு மட்டும் யாரும் எழுதி வைக்கல."

உங்க ஊர்ப் பக்கம் மரம் ஏறின குடும்பங்க இப்ப என்ன பண்றாங்க? வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு எழுதுங்க. அவங்க இருக்கும்போதே கேட்டுடுங்க.

டிஸ்கி: இதை எழுதினவனுக்கு டீ, காபி தவிர வேற பழக்கம் கிடையாது. வீட்டம்மாவும் படிப்பாங்க!