செவியில் தங்கிய போர்கள்

மன்னார்த் தீவிலுள்ள தோட்டவெளி, 1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்ட கத்தோலிக்கரை நினைவுகூரும் ஊராகும். அவர்கள் ஏறத்தாழ 600 பேர் என்பது திருச்சபை மரபு. விசுவாசத்தைக் கைவிட மறுத்து உயிர்துறந்தோரை வேதசாட்சிகள் என்பர். அரசன் இட்ட கட்டளையும் அதற்கு இணங்காத விடையுமே அவர்களது கதையின் உயிர்நிலை. தமிழர் மனத்தில் நெடுங்காலம் நின்ற போர்க்கதைகளிலும், வாள் உருவப்படுவதற்கு முன் பேசப்பட்ட மறுமொழிகளே பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன.

திரைப்படம் வருவதற்கு முன்பு, மன்னார்க் கரையின் கத்தோலிக்க ஊர்களில் மன்னர்களையும் அவர்களது பகையையும் மக்களுக்கு அறிமுகப்படுத்தியது நாட்டுக்கூத்து. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்னும் இருவகை இசைமுறைகளில் ஆடப்பட்ட இக்கூத்துகளில், ஆடுவோரைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஏட்டிலுள்ள பாட்டையும் வசனத்தையும் வாய்மொழியாகவே சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு பாத்திரமும் தனக்கென அமைந்த வரவுப் பாட்டோடு களரிக்கு வந்ததால், இராகத்தோடு முதற்சொற்களைக் கேட்ட அளவிலேயே வருபவன் எந்த அரசன் என்பதைப் பழகிய செவி அறிந்துகொண்டது. இம்மரபின் ஏடுகளுள் ஒன்றான 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சியால் 1964இல் அச்சேறியது.

இவ்வாறு பழகிய செவிகளுக்கு 1959இல் வெளியான 'வீரபாண்டிய கட்டபொம்மன்' அந்நியமாக இருந்திருக்க முடியாது. சிவாஜி நாடக மன்றத்தின் மேடை நாடகமாக 1957இல் தொடங்கி, பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் திரைக்கு வந்த அப்படத்துக்குச் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி வசனம் எழுதினார். ஆங்கிலேய அதிகாரி ஜாக்சன் துரை பாளையக்காரரான கட்டபொம்மனிடம் வரி கேட்கும் காட்சியில், துரையின் கேள்வி சுருக்கமாக இருக்க, கட்டபொம்மனின் விடையோ வயல்வேலைகளை ஒவ்வொன்றாகச் சுட்டி, ஒரே முடிவுடைய வினாக்களாக அடுக்கடுக்காக ஏறுகிறது. அந்த அடுக்கில் எந்த வினாவைத் தனியே எடுத்துச் சொன்னாலும், படத்தின் பெயரையும் காட்சியையும் நடிகரையும் தமிழர் தயங்காமல் கூறிவிடுவர். அப்படத்தின் போர்க்களக் காட்சிகளுக்கு இத்தகைய நினைவு வாய்க்கவில்லை. அமெரிக்கப் படமான 'பேட்டன்' (1970) கூட, பெருங்கொடியின் முன் நின்று தளபதி ஆற்றும் தொடக்க உரையாலேயே இன்றும் முதலில் அடையாளம் காணப்படுகிறது.

படத்தைப் பார்க்காதவரையும் இவ்வசனம் எட்டியதற்கு இசைத்தட்டும் வானொலியும் காரணங்கள். கதைவசன இசைத்தட்டுகள் திருமண வீடுகளிலும் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கியில் முழங்கின; படத்தின் ஒலியை மட்டும் சுருக்கித் தரும் ஒலிச்சித்திரம் என்னும் நிகழ்ச்சியைத் தமிழக வானொலி நிலையங்கள் ஒலிபரப்பின. 1914 முதல் 1964ஆம் ஆண்டுப் புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிய அந்தக் குறுகிய கடலை வானொலி அலைகள் எளிதாகவே கடந்தன.

அதே கடலின் மறுகரைப் பகுதியிலுள்ள இராமநாதபுரம் அரண்மனையில்தான் கட்டபொம்மனும் கலெக்டர் ஜாக்சனும் 1798 செப்டம்பர் 10ஆம் நாள் உண்மையில் சந்தித்தனர். பேச்சு, கிஸ்தி எனப்பட்ட தவணை வரியின் நிலுவை பற்றியது. அது கைகலப்பில் முடிய, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார், கட்டபொம்மனின் அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார், கட்டபொம்மன் தப்பினார். திரையில் கேட்கும் சொற்கள் அந்த அறையில் பேசப்பட்டவை அல்ல. அவை கிருஷ்ணசாமியின் படைப்பு. எனினும் பலர் அவற்றையே வரலாறாக ஏற்றுக்கொண்டனர், அதில் வரலாற்றுக்கு இழப்பும் உண்டு. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிடச் செய்த மேஜர் பானர்மேனின் பெயரைச் சிலரே அறிவர். இராமநாதபுர நிகழ்வை ஒட்டிய விசாரணைக்குப் பின் பதவியிழந்து, கட்டபொம்மனுக்கு எதிரான இறுதிப் போரில் பங்கேற்காத ஜாக்சனின் பெயரோ தமிழ் வழங்கும் ஊர்களிலெல்லாம் தெரிந்திருக்கிறது.